கை சூடு

கடிகார வாரின் கொக்கியைக் கழற்றக் கினுவேயின் விரல்களுக்கு வரவில்லை. முந்தாநாள் மதியம் மருத்துவர் இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனதும் அவளே கட்டிவிட்டதுதான். கடைசி ஓட்டையில் மாட்டியும் கணவர் ரோகுரோவின் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது. சவப்பெட்டிக்குள் அவரைச் சுற்றி உலர் பனிக்கட்டி.

"மன்னிச்சுக்குங்கம்மா. பேட்டரி இருக்குறதை எரிக்க விடமாட்டாங்க," என்றார் ஈமப்பணிக்காரர்.

"வெடிச்சிருமோ?"

"வெடிக்கும்மா."

"அப்போ வேண்டாம். அவருக்குச் சத்தம் ஆகாது."

மிசாவா எழுந்து வந்து கொக்கியை விடுவித்துக் கொடுத்தார். கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ரோகுரோவுக்கு அடுத்த மேசை. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

கடிகாரம் பனிபோல் குளிர்ந்திருந்தது. திரையில் எண்கள் வெளிறி, ஒரு நொடி அழியுமுன் அடுத்தது அதன்மேல் மெல்லப் படிந்தது.

அக்டோபரில் நோயில் கை மெலிந்து, ரோகுரோ அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதிலிருந்து தொல்லை. தினமும் ஏழு மணிக்குத் தொலைபேசியில் நேரம் சொல்லும் எண்ணை அழைத்து ஒப்பிடுவார். நாளுக்கு ஒரு நொடி, சில நாள் ஒன்றரை, பின்தங்கியது. அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல, கினுவே உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறப்பாள். பேட்டரியை மாற்றினாள். தகட்டுமுனைகளைத் துடைத்தாள். வேகத்தைக் கூட்டும் கடுகளவு திருகு ஏற்கெனவே கடைசிவரை திரும்பியிருந்தது.

"உள்ள என்னமோ செத்துக்கிட்டிருக்கு. தேடு," என்பார்.

"எனக்கு என்ன தெரியும். பட்டுத்தறியில இருந்தவ நான்."

"அதான் கை நடுங்கல. தேடு."

நவம்பரில் ஒருநாள் இன்னொரு பேட்டரி வாங்கப் போனாள். கடிகாரம் பஸ்ஸில் தொலைந்துவிடக் கூடாதென்று கையில் கட்டிக்கொண்டாள். வந்ததும் அவருக்கு உடம்பு துடைக்க வேண்டியிருந்தது, சமையல் இருந்தது. மறுநாள்தான் ஞாபகம் வந்து கழற்றினாள். அன்று ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

"என்ன பண்ணின?"

"ஒரு தூசி இருந்துச்சு. எடுத்தேன்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் இரவும் பகலும் அது அவள் சட்டைக்கையின் உள்ளே இருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன்பு கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு எடுத்துக் கொடுப்பாள். அவர் அதை உள்ளங்கையில் மூடி வெகுநேரம் வைத்திருப்பார். அப்புறம்தான் தொலைபேசியைக் கேட்பார். எண்ணைத் தேடத் தெம்பில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது அவள் மிசாவாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்க அண்ணன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். தூசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கட்டிக்கிட்டிருந்தேன். கைன்னு ஒண்ணு இருந்தா அது சரியா ஓடும்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

மிசாவா ஊதுவத்திச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மனுஷன் கை சூட்டுக்குன்னு அந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்து வெச்சதே அண்ணன்தான். குளிர்ல வெச்சா பின்தங்கும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்."

அவள் கடிகாரத்தைத் திருப்பி அதன் பின்மூடியைப் பார்த்தாள்.

"டிசம்பர்ல ஃபோன் பண்ணினார். 'கையில வாங்கும்போது சூடா இருக்குடா, மிசாவா'ன்னார். கேட்டுட வேண்டியதுதானேன்னேன். 'கேட்டா கழட்டிடுவா'ன்னார்."

வெளியே வண்டியின் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஈமப்பணிக்காரர் மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கினுவே தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை அழைத்தாள். பெண்குரல் நேரத்தைச் சொல்லி, மணியடித்தது. கடிகாரம் நான்கு நொடி பின்னால் இருந்தது.

"குடுங்க அண்ணி, சரியா வெச்சிடறேன். ஒரு பொத்தான்தான்."

"இருக்கட்டும்."

அவள் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தொலைபேசிக் குரல் அடுத்த பத்து நொடியைச் சொன்னது, அதற்கடுத்த பத்தையும். அவள் கையைத் திறக்கவில்லை.