கலைக்காமல் வைத்த கால்

பரணிலிருந்து இறங்கும்போது ஏணி சரிந்து கிருஷ்ணவேணி விழுந்தது காலை ஏழு மணிக்கு. மறுநாள் போகி, பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்து வந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தத்தை அவள் மட்டும் கேட்டாள். மற்றவர்கள் கேட்டது அண்டா உருண்ட சத்தத்தை.

அவள் கணவர் சுப்பராயலு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தார். ஓடி வந்தவர் முதலில் அண்டாவைப் பார்த்தார். நசுங்கவில்லை என்று தெரிந்ததும் மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. அந்தத் தெளிவைக் கண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக அஞ்சி வந்தவள் அவள்.

பக்கத்து வீட்டுப் பொன்னி காலுக்குத் துணி சுற்றக் குனிந்தாள்.

"தொடாத பொன்னி," என்றார் சுப்பராயலு. "ஆபீசர் வந்து பாக்கட்டும்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் மண்டிக் கிடங்கில் தீப்பிடித்தபோது, காப்பீட்டு அதிகாரி பார்க்கும்வரை கரிந்த மூட்டை ஒன்றையும் நகர்த்தக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நகர்த்தவில்லை, இழப்பீடு வந்தது. வாழ்நாளில் அவர் சரியாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். ஆகவே எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினார். சென்ற ஆண்டு, எண்பத்தேழில், புது வீட்டையும் காப்பீடு செய்திருந்தார். அவள் விழுந்தது அந்த வீட்டுக்குள். அதற்குமேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"மாவுக்கட்டு போட்டுட்டா உள்ள இன்னா ஒடஞ்சிதுன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எக்ஸ்ரேன்னு ஒன்னு இருக்குதுங்க," என்றாள் கிருஷ்ணவேணி.

"அது போட்டோ. யாரு காலுன்னு அதுல மூஞ்சியா தெரியுது?"

அதிகாரி விழுப்புரத்திலிருந்து வருவதற்கு நாளாகும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். எனவே முறிந்த காலை அதிகாரியிடம் கொண்டுபோவதென முடிவாயிற்று. சுப்பராயலு சவரம் செய்துகொண்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பத்திரப் பையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வாடகைக் கார் வந்தது. டிரைவர் ராஜாமணி திண்டிவனம் அரசு மருத்துவமனை வாசலில் பழக்கத்தால் வேகத்தைக் குறைத்தான். "நேரா போ" என்றார் சுப்பராயலு. பின்சீட்டில் காலைத் தலையணைமேல் நீட்டியிருந்த கிருஷ்ணவேணி, விக்கிரவாண்டி வரை பள்ளங்களை எண்ணினாள். அப்புறம் எண்ணும் தெம்பில்லை. பாதம் சில்லிட்டு, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை.

அலுவலகம் மாடியில் இருந்தது. அதிகாரி பாண்டுரங்கன் கீழே இறங்கி வந்தார். காருக்குள் எட்டி, நீலம் பாரித்த விரல்களைப் பார்த்தார்.

"எப்ப விழுந்தாங்க?"

"ஏழு மணிக்கு சார். எத்தையும் கலைக்கல," என்றார் சுப்பராயலு, பெருமையோடு.

"ஐயா, அந்தப் பாலிசி வீட்டுக்கு. செவுரு இடிஞ்சா, தீப்பிடிச்சா, திருடு போனா. உள்ள இருக்கிற உங்க குடும்பத்தாளுங்க கை காலுக்கு இல்ல. ஒடம்புக்குத் தனியா மருத்துவ பாலிசி வந்திருக்கு. வீட்ல விழுந்தாலும் ரோட்ல விழுந்தாலும் அதுதான். அதுவும் ஆஸ்பத்திரியில சேந்தாத்தான்."

"அதுவும் கீது சார்." சுப்பராயலு பைக்குள் கையை விட்டு இன்னொரு தாளை எடுத்தார்.

பாண்டுரங்கன் படித்தார். "இதுல உங்க பேரு மட்டும்தானே இருக்கு."

"நான்தான சார் ஊர் ஊரா சுத்திக்கினு கீறேன். அது வூட்லயே கெடக்கிற பொம்பள. அதுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

பாண்டுரங்கன் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். சுப்பராயலு அவர் காதருகே குனிந்தார். காருக்குள் கேட்காது என்று நினைத்த அளவுக்குக் குரல் தாழ்ந்தது.

"விழுந்தது நான்னு எழுதிக்கலாமே சார்."

"எழுதலாம். மாவுக்கட்டு உங்களுக்குத்தான் போடுவாங்க, பரவால்லையா?"

சுப்பராயலு அதையும் யோசித்தார். அவர் யோசிப்பதைக் கிருஷ்ணவேணி பார்த்தாள். கோபம் வரவில்லை. புழுத்த மல்லாட்டையைக் கையிலெடுத்தவர் அதைக் கீழே போடுவதற்குக் கோபம் தேவையில்லை.

"ராஜாமணி, வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

"ஐயா இன்னும் ஏறலியேம்மா."

"அவரு பேசிக்கினு இருக்கட்டும். ஜல்தியா போ."

கார் நகர்ந்தது. சுப்பராயலு நாலடி கூடவே ஓடி வந்து, சட்டை கசங்குவதைக் கண்டு நின்றுகொண்டார்.

மருத்துவமனையில் டாக்டர் பாதத்தைத் தொட்டார், அழுத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது, எலும்பை உடனே நேராக்கியாக வேண்டும், தாமதித்தால் பாதத்துக்கு உத்தரவாதமில்லை என்றார். நர்ஸ் படிவத்தோடு வந்தாள்.

"மயக்க மருந்து குடுக்கணும். வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே. எங்கம்மா அவரு?"

"இன்சூரன்ஸ் ஆபீசாண்ட."

"வர நேரமாவுமா?"

"வந்தாலும் முழுசாப் படிச்சிட்டுத்தான் போடுவாரு. கால் என்னுது. பேனாவக் குடுங்க."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். படிவத்தை மடிமேல் வைத்து, கிருஷ்ணவேணி தன் பெயரை எழுதினாள்.