மூடிக் கிடந்த அரை மைல்

பதினேழாவது ஆணி அசையவில்லை. ரோலண்ட் பூஷே கடப்பாரையின் பிளந்த நுனியை அதன் தலைக்கடியில் நுழைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். பூசைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டு அக்குளில் கிழிந்தது. கீழே மாதா கோயில் மணி நின்றுவிட்டது. இனி அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு கேட்டை அடைக்க இரண்டு பலகை, ஆறு ஆணி போதும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் இருபத்திரண்டு அடித்திருந்தார். காலையிலேயே பிடுங்கியிருக்கலாம். நேற்றே பிடுங்கியிருக்கலாம். கடைசிப் பாட்டு ஆரம்பித்தபோதுதான் அவரால் உட்கார முடியாமல் போனது. மனைவி ஆர்லீனிடம்கூடச் சொல்லாமல் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து வண்டியை எடுத்தார்.

அவர் தங்கை நோரீன் திங்கட்கிழமை செத்துப்போனாள். பத்தொன்பது வருடமாக மாநிலத்தின் தடங்கள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. நடக்கிற தடம், குதிரை போகிற தடம், குளிர்காலத்தில் பனிவண்டி ஓடுகிற தடம். அதில் முக்கால்வாசி அரசாங்க நிலமே இல்லை. யாரோ ஒருவரின் காடு, யாரோ ஒருவரின் மேய்ச்சல். அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கட்டுத் தாளை வண்டியில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். நிலத்துக்காரர் கையெழுத்து ஒன்று, அவள் கையெழுத்து ஒன்று. இரண்டும் விழுந்தால் அந்த வருடத்துக்கு ஜனங்கள் நடக்கலாம். தபாலில் அனுப்பினால் ஆகாதா என்று மேலே இருப்பவர்கள் கேட்டதுண்டு. ஒருத்தன் நிலத்தில் கால் வைக்க அவன் அடுக்களையில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பாள் அவள்.

கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு ரோலண்டின் மேய்ச்சல் நிலம். மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு நடைக்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனார். முதல் ஈற்றுக்கு நின்ற செவலைக் கிடாரி சாலைக்கு இறங்கி, கல்லறைத் தோட்டத்து வளைவில் லாரியில் அடிபட்டது. அன்று சாயங்காலமே அவர் நோரீனைப் போனில் கூப்பிட்டார்.

"உன் ஜனங்க என் மாட்டைக் கொன்னுட்டாங்க. இனி ஒருத்தர் கால் இங்க படக்கூடாது. நீயும் சேத்துத்தான்."

கடைசி வார்த்தை சொல்ல நினைத்ததல்ல, வந்துவிட்டது. வந்ததை அவர் திரும்ப எடுக்கவும் இல்லை.

நோரீன் வாதாடவில்லை. அடுத்த வாரம் ஆர்லீனிடம் கேட்டுக்கொண்டு ஒரு டப்பா பெயிண்டோடு வந்தாள். தடம் மூடினால், மரத்தில் வழி காட்டப் பூசியிருக்கும் நீலக் குறியைச் சுரண்டக்கூடாது, மரம் புண்ணாகும். பட்டை நிறத்தில் பூசி மறைக்கவேண்டும். முப்பத்தொரு மரம். காலையிலிருந்து மதியம்வரை தானே பூசினாள். அவர் தொழுவத்துக்குள் நின்று பார்த்தார். ஆர்லீன் கொண்டுபோன காப்பியை வேலியோரம் நின்றே குடித்துவிட்டு, கோப்பையைக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தடம் சாலை வழியாகச் சுற்றிப் போனது. மலையைச் சுற்றி ஒன்றரை மைல். ஓரத்தில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம்.

ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் தாளோடு வருவாள். மூன்று வாரத்துக்கு முன்னால்கூட வந்தாள்.

"ஆபீஸ் ஆளா வந்திருக்கேன்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

"ஆபீஸ் ஆளுக்கு இங்க காப்பி கிடையாது."

"தங்கச்சியா வந்தா?"

"பால் தீந்துபோச்சு."

"அறுபது மாடு வச்சிருக்கிறவன் வீட்ல பால் தீந்துபோச்சாம்" என்று ஆர்லீனைப் பார்த்துச் சிரித்தாள். தாளை மேசைமேல் வைத்து, பறக்காமல் இருக்க உப்புக் குடுவையை அதன்மேல் வைத்தாள். அவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்த வருடம் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த வளைவில்தான். சாலையோரம் நடக்கப் பயமாக இருக்கிறது என்று யாரோ ஆபீசுக்கு எழுதியிருந்தார்கள். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அவளே அளக்கிற சக்கரத்தை உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மரக்கட்டை லாரி. ஓட்டியவன்மேல் தப்பில்லை, வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் இருந்தாள். அவர் போனபோது கண் பாதி திறந்திருந்தது. ஆளைத் தெரிந்துகொண்டாளா என்று இப்போதும் அவருக்குத் தெரியாது.

"கேட்டைச் சாத்தினியா, ரோலி?"

எந்தக் கேட்டு என்று அவர் கேட்கவில்லை. "சாத்திட்டேன்" என்றார்.

"இழுத்துப் பாத்தியா?"

சின்ன வயதில் மாடு ஓட்டிவந்தால் அப்பா கேட்கிற கேள்வி அது. "பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கடைசிப் பலகை விழுந்தது. ரோலண்ட் கேட்டைத் தூக்கித் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே திருப்பத்தில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மான் வேட்டைக் காலம் என்பதால், வேட்டைக்காரர் கண்ணில் படும்படி, துக்க உடைமேல் எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை மாட்டியிருந்தார்கள். மாநிலத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த தடத்து ஆட்கள். தன்னைக் காரில் கொண்டுபோகக்கூடாது, நடந்துதான் கொண்டுபோகவேண்டும் என்று நோரீன் ஆபீசில் எழுதி வைத்திருந்தாளாம். முன்னால் அவளுக்குக் கீழே வேலை பார்த்த டேனா வந்தாள். நோரீனின் பழைய முதுகுப்பை அவள் தோளில். சாம்பல் அதற்குள் இருந்தது.

டேனா கேட்டுக்கு முன்னால் நின்றாள். திறந்திருந்த கேட்டையும் தரையில் கிடந்த ஆணிகளையும் பார்த்தாள். ரோலண்ட் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"போட்டுட்டேன். இந்த வழியாவே போங்க."

டேனா தாளை வாங்கிப் படித்தாள். அவர் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு காலியாக இருந்தது.

தனக்கு அதில் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. பனிவண்டிச் சங்கத்துக் கிழவர் ஹார்வி பின்னாலிருந்து, இன்று ஒரு நாள் யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

"அவங்க கேப்பாங்க" என்றாள் டேனா. பிறகு ரோலண்டைப் பார்த்து, "பேப்பர் முழுசா இல்லாம எங்கள்ல ஒருத்தர் கால் மடங்கினாலும் வழக்கு உங்க தலையில விழுங்க. இந்த விதியப் போட்டதே அவங்கதான். என் அண்ணன நெனச்சுத்தான் போட்டேன்னு சொல்லுவாங்க."

ரோலண்ட் கேட்டின் மேல்கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். மேலே கிடாரிகள் வேலியோரம் வந்து நின்று பார்த்தன.

டேனா முதுகுப்பையைக் கழற்றினாள்.

"நீங்க உங்க நிலத்துல நடக்க யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்ல" என்று அவர் கையில் கொடுத்தாள்.

அவர்கள் சாலைக்குத் திரும்பினார்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடுகிற சாலை; எதிரே வருவது தெரியும்படி இடப்பக்க ஓரத்தில், ஒருவர் பின்னால் ஒருவராக. ஆர்லீன் போகிற போக்கில் அவர் கிழிந்த கோட்டைத் தொட்டுவிட்டுப் போனாள். மாடு எண்ணுகிற பழக்கத்தில் அவர் எண்ணினார். நாற்பத்து மூன்று பேர். கடைசி ஆளாக டேனா. தடத்தில் பொறுப்பானவர்தான் கடைசியில் நடக்கவேண்டும்.

அவர் பையை மாட்டிக்கொண்டார். கன்றுக்கு ஊட்டுகிற பால் வாளி அளவுகூடக் கனம் இல்லை. வார் நோரீன் தோளுக்கு அளவாக வைத்திருந்தது, அவருக்கு இறுக்கிப் பிடித்தது. அவர் அதைத் தளர்த்தவில்லை.

கேட்டைச் சாத்திவிட்டு ஏறினார். கிடாரிகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தன. கல்வேலியை ஒட்டிய மரங்களில் பெயிண்ட் பூசிய இடம் சுலபத்தில் தெரியவில்லை, அவ்வளவு நன்றாக நிறம் பார்த்துப் பூசியிருந்தாள். ஒரே ஒரு மேப்பிள் மரத்தில் பூச்சு செதிலாக உரிந்து, கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. அவர் அங்கே நின்றார். தொடவில்லை.

கல்லறைத் தோட்டத்துப் பக்கக் கேட்டைத் திறந்து வெளியே வந்து, சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார்.

பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது. சாலை வழியாக வர இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தோண்டி வைத்த குழிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர் கல்சுவரில் உட்கார்ந்து பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து அந்த வளைவு நன்றாகத் தெரிந்தது.

வெகு நேரம் கழித்து முதல் ஆரஞ்சுச் சட்டை வளைவில் வந்தது. பின்னால் இன்னொன்று. எதிரே ஒரு லாரி வந்தபோது எல்லாரும் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். அது போனதும் ஏறி நடந்தார்கள். ரோலண்ட் பையின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எண்ணினார். முதலில் வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி, அவரைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். பாதிரியார் காரிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டார்.

நாற்பத்து மூன்றாவது ஆள் வளைவைத் தாண்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.