இடது கண்ணின் நீலம்

வலது கண்ணை மூடினால் உப்பளத்தின் மேல் வானம் பழைய நெய்யின் நிறத்தில் கனிந்து இறங்குகிறது, இடது கண்ணை மூடினால் அதே வானம் வெளிறி, கூர்மையாக, முன்பின் தெரியாத யாரோபோல நிற்கிறது, வடிவு டீச்சர் ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணைத் திறப்பதுமாக வரப்பில் போட்ட முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பலகை, பலகையில் ஒட்டிய தாள் வெறுமையாக, பின்னால் குடை பிடித்தபடி தங்கை ஆவுடை, எக்கா, ரோட்டுல போறவன் பாத்தா நீ கண்ணடிக்கேன்னு நெனைப்பான், சீக்கிரம் தீட்டு, வெயில் ஏறுது. வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது, நாளைக்கு இடது கண், நாளைக்குப் பிறகு அந்த நெய் நிறம் இந்த உலகத்தில் எங்கும் இருக்காது, அதனால்தான் இந்த அவசரம், வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். சென்னையில் அவள் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிற மணிவாசகனுக்குப் பெரிய படம் ஒன்று பாக்கி, மேடம், உங்க நீலம்தான் வேணும், அந்த அடர்த்திக்காகத்தான் ஜனங்க வர்றாங்க, என்று அவர் போனில் சொன்னபோது ஆகட்டும் என்று மட்டும் சொல்லிப் போனைச் சட்டென்று வைத்துவிட்டாள், ஏனென்றால் கட்டு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரைப் பார்த்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள், படங்களெல்லாம் கத்திக்கொண்டிருந்தன, இத்தனை வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்ததாக நினைத்த நீலம், பத்திரிகைக்காரர்கள் துயரத்தின் நிறம் என்று எழுதிய நீலம், புரை விழுந்த கண்ணுக்கு மங்கித் தெரிந்ததால் மேலும் மேலும் அப்பியது, வேறொன்றுமில்லை. முதல் படத்தைப் பார்த்தபோதே ஆவுடை சொன்னாள், நீலம் கூடிப்போன வேட்டி மாதிரில்லா இருக்கு ஒன் ஆகாசம், வடிவு அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை.

வேறொன்றுமில்லை என்று எப்படிச் சொல்லிவிடுவது, அப்பா உப்பு லாரி ஓட்டினார், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் முன் சீட்டில் அவள், கண்ணாடிக்கு அப்பால் நான்கு மூலைக்குள் வெட்டி வைத்த வானமும் உப்பு அம்பாரங்களும், வண்டி நகர நகர ஒரு படம் போய் இன்னொரு படம் வருகிறது, கண்ணை இடுக்கிக்கோ தாயி, கூசும், என்கிறார் அப்பா, அவள் இடுக்குகிறாள், சின்னதெல்லாம் மறைந்து பெரியது மட்டும் நிற்கிறது, வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு, பின்னாளில் அவள் படித்த ஓவியக் கல்லூரியில் இதையே ஒரு பாடமாக நடத்தியபோது அவளுக்கு டீசல் வாசனை வந்தது. அவளே டிராயிங் டீச்சரானதும் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள், இது வழியாப் பாருங்க, வானம்னா நீலம், உப்புன்னா வெள்ளைன்னு தெரிஞ்சதைப் போடாதீங்க, பாத்ததைப் போடுங்க. ஏழாம் வகுப்பு ஜெபமாலை உப்புக் குவியலைக் கறுப்பாக அடித்துக் கொண்டுவந்து நிற்கிறாள், வகுப்பே சிரிக்கிறது, என்னட்டி இது, கரிமூட்டமா, இல்ல டீச்சர், அளத்துல வேலை பாத்துட்டு எங்கம்ம நிமிந்து பாத்தா உப்பு கறுப்பாத்தான் தெரியுமாம், அப்ப நீ பாக்கலையே, பாக்கல டீச்சர், ஆனா அம்ம பாத்திருக்காவள்லா. காலண்டர் கம்பெனிக்கு வரைந்துகொண்டிருந்த குற்றால அருவியை அன்று சாயங்காலம் பாதியில் விட்டு எழுந்தவள்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளத்துக்கு வந்துவிட்டாள், அதன் பிறகு வேறெதையும் வரையவில்லை, யார் கண்ணால் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பிள்ளைக்கு அவள் பதில் சொல்லவேயில்லை.

எக்கா, தூங்கிட்டியா, ஆவுடை குடைக்கம்பால் முதுகில் இடிக்கிறாள், சும்மா இருட்டி, என்றபடி வடிவு வலது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், தாளை நனைக்கிறாள், தூரிகை தானாக நீலத்துக்குப் போகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இடது கண் போதாது போதாது என்கிறது, கை கொடுத்துக்கொண்டே இருக்கிறது, இது பொய்யில்லையே, நாளைக் காலைவரை இதுவும் என் கண்தானே, வானம் மேலிருந்து வழிந்து உப்பின் விளிம்பில் வந்து நிற்கிறது, மணிவாசகன் கேட்ட படம், சொன்னபடி கேட்டு வந்துவிட்டது. சொன்னபடி கேட்டதுதான் உறுத்தியது, இதுவரை ஒரு வானமும் அவள் சொல்லைக் கேட்டதில்லை, புரையோடு மல்லுக்கட்டிய அந்தப் படங்களில்கூட அவள் தேடிக்கொண்டுதான் இருந்தாள், தப்பாகத் தேடினாலும் தேடினாள், இது தெரிந்ததைப் போட்ட படம். வலது கண்ணைத் திறந்தாள், நீலம் முகத்தில் அறைந்தது, தாளில் ஈரம் இருக்கிறது, இந்த வெயிலில் ஒரு நிமிஷம் தாங்காது, துணி, துணி எங்கே, துணி பையில், பை ஆவுடையின் காலுக்கு அந்தப் பக்கம், அதற்குள் காய்ந்துவிடும், கைக்கு எட்டியது ஆவுடையின் முந்தானை, இழுத்து வானத்தின் மேல் ஒற்றுகிறாள், மறுபடி ஒற்றுகிறாள், அடிப்பாவி, புதுச் சேலைக்கா, சின்னவன் ஆசையா எடுத்துக் குடுத்தது, குடை சாய்ந்து பாத்தியில் விழுகிறது. ஒற்றி எடுத்த இடத்தில் தாளின் வெள்ளை திரும்பவில்லை, சாயம் உள்ளே இறங்கிவிட்டது, நீலமாகவும் இல்லை, இரண்டு கண்ணில் எந்தக் கண்ணும் இதுவரை காட்டாத ஒரு வெளுப்பு, அதற்குள் அங்கங்கே நூல் நெய்த தடம்.

பைக்குள் போன் அடித்தது, ஆவுடைதான் எடுத்தாள், மேடம், படம் ஆச்சா, நீலம் எப்படி வந்திருக்கு, என்று மணிவாசகனின் குரல், பிரமாதமா வந்திருக்கு சார், பூராவும் ஏஞ் சேலையில வந்திருக்கு, துவைக்காம அனுப்பி வைக்கேன், சட்டம் போட்டு மாட்டிக்கிடுங்க. படம் வேற மாதிரி போகுதுன்னு சொல்லு, பிடிக்கலைன்னா கண்காட்சியே வேண்டாம்னு சொல்லிரு, என்கிறாள் வடிவு, உப்புக் குவியலுக்கு வெள்ளையா கறுப்பா, எந்த நிறத்தைத் தொடுவது என்று தெரியவில்லை, தூரிகையைத் தண்ணீரில் அலசுகிறாள், மறுபடி அலசுகிறாள், இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன.