பின்னால் யாரும் இல்லை

முன்னால் போவதில் செங்கோட்டையனுக்கு எந்தப் பயமும் கிடையாது. நாமக்கல்லில் கிளம்பினால் கல்கத்தா வரைக்கும், மலைப்பாதை, வெள்ளம், வழிப்பறிக்காரன் எதற்கும் அசையாமல் பதினான்கு வருஷம் லாரி ஓட்டியவன். ஆனால் வண்டியைப் பத்தடி பின்னால் எடுக்க வேண்டுமென்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து டிரைவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பின்னால் எடுத்ததெல்லாம் கிளீனர்கள்தான். கிளீனர் வண்டிக்குப் பின்னால் நின்று, பலகையைக் கையால் தட்டித் தட்டி, "வரலாம்... வரலாம்... வரலாம்..." என்று ராகம் போடுவான். டிரைவர் பீடியைக் கடித்துக்கொண்டு அந்தக் குரலுக்கு வண்டியை விடுவார். "ஓல்டான்!" என்று கத்தினால் பிரேக்கை மிதிப்பார். பக்கவாட்டுக் கண்ணாடி தலை சீவுவதற்கு.

இந்தப் பழக்கத்தில்தான் சென்றாயனின் கால் போயிற்று. அவன் செங்கோட்டையனிடம் ஆறு வருஷம் கிளீனராக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கிடங்கில், "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தவன், படியில் தடுக்கி மல்லாக்க விழுந்தான். விழுந்த வேகத்தில் மூச்சடைத்துக் குரலே வரவில்லை. செங்கோட்டையன் காதில் கடைசியாக விழுந்தது "வரலாம்". ஓல்டான் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வந்துகொண்டே இருந்தான். சென்றாயனின் வலது பாதத்தில் பாதியை ஈரோட்டு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குச் செங்கோட்டையன் ஒரே ஒரு தடவைதான் போனான். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டான். அவன் பெண்டாட்டி குப்பாயிதான் ஒரு மாசம் தினமும் பஸ் ஏறிச் சோறு கொண்டுபோனாள். சென்றாயன் இப்போது எருமப்பட்டி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அந்த ரோட்டில் போக வேண்டி வந்தால் செங்கோட்டையன் சுற்றுப் பாதையில் போனான். ஆறடி ஆள், மீசை வேறு, இப்படி ஒளிந்து திரிந்தான்.

அப்படிப்பட்டவனிடம்தான் முதலாளி சரவணமுத்து டிரைலரைக் காட்டினார். பழைய வண்டி, ஆனால் நீளமென்றால் நீளம். முன்வண்டி தனி, பின்வண்டி தனி, நடுவில் ஒரு கொக்கி.

"சேலத்துல இரும்புத் தகடு ஏத்தி மேட்டூர்ல எறக்கறது. காத்தால போனா பொழுதோட ஊட்டுக்கு வந்தர்லாம்" என்றார் முதலாளி. "ஆனா டிரைலர் ஓட்டறதுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டரு தனியா டெஸ்ட்டு வெப்பாரு. வியாழக்கெழம பாஸ் பண்ணீட்டீன்னா வண்டி உனக்கு. இல்லீன்னா சனிக்கெழம கல்கத்தா லைனுக்குக் கெளம்பிக்க."

பொழுதோடு வீட்டுக்கு வருவது என்ற ஒரு சொல்லுக்காகச் செங்கோட்டையன் தலையாட்டினான். குப்பாயிக்கு ஏழு மாசம். இதற்கு முன்னால் இரண்டு தடவை பெற்றாள். இரண்டும் பிறந்தபோதே மூச்சில்லை. முதல் தடவை அவன் கல்கத்தாவில் இருந்தான், இரண்டாவது தடவை நாக்பூரில். இரண்டு தடவையும் தந்திதான் வந்தது. தோட்டத்துக்குள் தனி வீடு. வலி வந்தால் ஆளைக் கூப்பிட ஓடுவதற்கே ஓர் ஆள் வேண்டும். தான் கூட இருந்திருந்தால் லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருப்பேன் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவதும் போய்விட்டால் குப்பாயி தாங்கமாட்டாள் என்று பயந்தான். தானும் தாங்கமாட்டோம் என்று அதைவிடப் பயந்தான்.

டெஸ்ட்டில் ஒரே ஒரு வேலை. இரண்டு வரிசை பீப்பாய்க்கு நடுவே டிரைலரை வளைத்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குரல் கொடுக்க ஆள் கூடாது. எவனாவது "வரலாம்" என்றால் ஓட்டுகிறவன் ஃபெயில். இது அந்த இன்ஸ்பெக்டரின் சட்டம்.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கிப் பழகினான். முதல் நாள் சேலத்து டிரைவர் ஒருவர் வந்து, "லாரியில ஸ்டியரிங்க சோத்தாங்கைப் பக்கம் ஒடிச்சா பின்பக்கமும் அதே பக்கம் போகும். இதுல பீச்சாங்கைப் பக்கம் போகும். எல்லாம் தலைகீழ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதானாம்! பதினான்கு வருஷமாகக் கை கற்றதை நான்கு நாளில் தலைகீழாக்குவது அவருக்கு அவ்வளவுதான்.

பீப்பாய்க்குப் பதிலாகப் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். முதல் நாள் எல்லா அடுக்கும் சரிந்தன. இரண்டாம் நாள் முன்வண்டி மடங்கிப் போய்ப் பின்வண்டியோடு முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் திருப்பம் ஓரளவு பிடிபட்டது. ஆனால் நேராகப் பின்னால் போக வேண்டிய கடைசி முப்பதடியில் கால் ஆடியது. பின்னால் சத்தமே இல்லை. சத்தம் இல்லாத ஒவ்வொரு அடியிலும் யாரோ கீழே விழுந்து கிடப்பது போலத் தோன்றிற்று. சட்டென்று பிரேக்கை மிதிப்பான், கியரை மாற்றி முன்னால் வந்துவிடுவான்.

புதன்கிழமை மத்தியானம் ஏரிக்கரையிலிருந்து ஓர் ஆள் விந்தி விந்தி இறங்கி வந்தான். சென்றாயன். அந்த டயர்கள் அவன் கடை டயர்கள்தான் என்பது செங்கோட்டையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலாளி ஆள் விட்டு எடுத்து வந்திருக்கிறார். செங்கோட்டையனுக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

சென்றாயன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"கடைசில வந்து எதுக்குங்கண்ணா நின்னு நின்னு போறீங்க?"

செங்கோட்டையன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "பயமா இருக்குது சென்றாயா."

"எனக்கும்தானுங்க. லாரி பின்னால வர சத்தம் கேட்டா இன்னமும் ஒண்ணுக்கு வந்துருது." சொல்லிவிட்டு டயர் அடுக்குகளைத் திரும்பிப் பார்த்தான். "நான் போயி அந்தக் கடைசில நிக்கறேன். வாயத் தொறக்கமாட்டேன். கண்ணாடியில பாத்து நீங்களே நிறுத்துங்க."

"உனக்கென்ன பைத்தியமா? வேண்டாம்! போயிரு!"

அவன் அதற்குள் போய்விட்டான். விந்தி விந்திப் போய் டயர் வரிசையின் கடைசியில், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வலது பக்கக் கண்ணாடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஓர் ஆள். செங்கோட்டையன் மூன்று தடவை கியரைப் போட்டான், மூன்று தடவை எடுத்தான். கடைசியில் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு காலைத் தளர்த்தினான்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடியைப் பார்த்து வண்டி எடுத்தான். இமைக்கவே இல்லை, கண்ணில் நீர் கோத்தது. அந்தச் சின்ன ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான். வேட்டி தெரிந்தது, சட்டைப் பொத்தான் தெரிந்தது, முகம் தெரிந்தது. சென்றாயன் கண்ணை இறுக்க மூடியிருந்தான். செங்கோட்டையன் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இறங்கி ஓடினான். பின்பலகைக்கும் அவன் நெஞ்சுக்கும் இடையில் ஒரு கட்டில் போடலாம். சென்றாயன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருக்கும் சட்டை நனைந்திருந்தது. சென்றாயன் எழுந்து, "டயர நாளைக்கு எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனான்.

வியாழக்கிழமை மைதானத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். டெஸ்ட் கொடுக்க வந்தவர்கள் ஏழு பேர், மீதி வேடிக்கை. இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஆள், தொப்பி மட்டும் பெரிது. எல்லோரையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டுச் செங்கோட்டையனைப் பார்த்துக் கையசைத்தார்.

திருப்பம் நன்றாகவே வந்தது. நேராகும் இடத்தில் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் யாரும் இல்லை. வெறும் பீப்பாயும் மண்ணும். நேற்றாவது ஓர் ஆள் இருந்தான், எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது. இன்று கண்ணாடி சொல்வதை எப்படி நம்புவது? தெரியாத இடத்தில் எவனோ விழுந்து கிடந்தால்? கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கதவைத் திறந்து இறங்கி, பின்னால் நடந்து போய், குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்துவிட்டு வந்து ஏறினான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பத்தடி போனதும் மறுபடி இறங்கினான். "ஏனுங்க, காசு கீது உழுந்துருச்சுங்களா?" என்று ஒருவன் கத்தினான். மூன்றாம் தடவை இறங்கியபோது இன்ஸ்பெக்டர் விசிலை ஊதினார்.

"யோவ்! பின்னால யாரும் இல்லேன்னு நான் சொல்றேன். கவர்மெண்ட்டே சொல்லுது. நம்பமாட்டியா?"

செங்கோட்டையன் சொல்லிவிட்டான். "ஒருத்தன் சொன்னத நம்பித்தானுங்க சார் வண்டி எடுத்தேன். அதுல அவன் காலே போயிருச்சுங்க."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். "இந்தக் கதையெல்லாம் வேண்டாம். மொதல்ல இருந்து எடு. நானே பின்னால நின்னு பாக்கறேன். இன்னொரு தடவ எறங்கினா ஃபெயில். வீட்டுக்குப் போயிரலாம்."

மறுபடி வண்டியை முன்னால் கொண்டுபோய், மறுபடி வளைத்தான். வலது கண்ணாடியில் இன்ஸ்பெக்டரின் தொப்பி தெரிந்தது. நல்லது, சுண்டுவிரல் அளவு ஆள். பார்த்துக்கொண்டே வந்தான். தொப்பி பெரிதாயிற்று. இன்னும் பதினைந்தடி. பின்வண்டியின் வால் லேசாக வலது பக்கம் ஒதுங்கியது, சரி செய்ய ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினான். நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடியில் தொப்பியைக் காணோம்.

இடது கண்ணாடியைப் பார்த்தான். அங்கேயும் காணோம்.

நிறுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. கூட்டமும் மூச்சுக் காட்டவில்லை. ஒதுங்கிப் போயிருப்பார், கயிற்றுப் பக்கம் போயிருப்பார் என்று ஒரு மனசு சொல்லிற்று. இன்னும் பதினைந்தடிதான், விட்டால் பாஸ், பொழுதோடு வீடு, குப்பாயி. இறங்கினால் ஃபெயில், கல்கத்தா, தந்தி. அவனுக்கு அழுகை வந்தது. எல்லாம் போயிற்று என்று தெரிந்தேதான் கதவைத் திறந்து இறங்கினான்.

இடது பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் இன்ஸ்பெக்டர் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். சக்கரம் தரையில் போட்டிருந்த கோட்டை மிதிக்கிறதா என்று பார்க்க வந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்திருந்தார். செங்கோட்டையனின் காலைக் கண்டதும், "எறங்கிட்டியா? நான்தான் சொன்னேனே..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். டயர் அவர் மூக்குக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் நின்றது. அவர் டயரைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த செங்கோட்டையனைப் பார்த்தார்.

எழுந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "கொண்டாந்து நிறுத்துப்பா" என்றார். செங்கோட்டையன் இன்னும் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ் என்று எழுதும்போது இன்ஸ்பெக்டரின் பேனா காகிதத்தைக் கிழித்தது.

திரும்பும் வழியில் சுற்றுப் பாதையில் போகாமல் நேரே பஞ்சர் கடைக்குப் போனான். சென்றாயன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பாஸ் பண்ணிட்டேன் சென்றாயா. நீ இல்லீன்னா ஆயிருக்காது. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ என்கூடவே டிரைலருக்கு வந்துரு."

சென்றாயன் தலை நிமிரவில்லை. "வரமாட்டனுங்கண்ணா. இனி ஆயுசுக்கும் ஒரு வண்டி பின்னால நிக்கமாட்டேன். உங்க மேல எனக்குக் கோவம் போகலீங்க. ரெண்டு வருசமா இந்த ரோட்டுப் பக்கமே தல காட்டல நீங்க."

"அப்பறம் எதுக்கு நேத்து வந்து நின்னே?"

"நாக்பூர்ல தந்தி வந்தப்ப நானும் உங்க பக்கத்துலதான இருந்தேன்? ஒரு மாசம் எனக்குச் சோறு கொண்டாந்த அக்கா. அக்காவுக்கு இந்தத் தடவையாவது ஆள் தொணை வேணுமுங்க." டியூபைத் திருப்பிப் போட்டான். "போங்க, பொழுதாவுது."

செங்கோட்டையன் அங்கேயே நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. குனிந்து, சென்றாயனின் வலது காலைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தான். சென்றாயனும் பார்த்தான், கோபம் அப்படியேதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வண்டி எடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் செங்கோட்டையன் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.