ஆடி மாதத்து ராஜி

முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையின் கோடிப் பெஞ்சுதான் மாரப்பனின் கச்சேரி. வக்கீல் குமாஸ்தா என்பது அவர் சம்பளம் வாங்கிய வேலை. சின்னச் சின்னத் தகராறுகளைக் கோர்ட் படி ஏறுவதற்கு முன்பே பேசி ராஜியாக்கி விடுவது அவர் பெருமைப்பட்ட வேலை. வரப்புச் சண்டையோ கிணற்றுத் தண்ணீர் முறையோ, இவனுக்கு ஒரு அதட்டு, அவனுக்கு ஒரு தட்டிக்கொடுப்பு, இரண்டாவது டீ ஆறுவதற்குள் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார். மலையாளச் சீமைக்குள் இருந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் ஜனங்களுக்குக் கோர்ட்டின் மலையாளக் காகிதத்தில் ஓர் எழுத்தும் புரியாது. அதனால் மாரப்பன் சொன்னதுதான் அவர்களுக்குத் தீர்ப்பு. அந்த மப்பு அவருக்கு நன்றாகவே இருந்தது.

எழுபத்திரண்டாம் வருடம் ஆனிக் கடைசியில் காளியாத்தாள் அவரைத் தேடி வந்தாள். புருஷன் போனவள். ஈஸ்வரமூர்த்தியின் பண்ணையில் வேலை செய்துகொண்டு, அவர் கடலைக்காட்டு நடுவிலேயே இருபது வருடமாகக் குடிசை போட்டு இருந்தவள். அப்படி அடுத்தவர் நிலத்தில் குடியிருப்பவர்கள், குடிசை நிற்கும் இடத்தில் பத்து சென்ட்டைச் சொற்ப விலைக்குச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. குடிகிடப்பு உரிமை என்பார்கள். அதற்கு மனு எழுதித் தரச் சொல்லித்தான் வந்தாள்.

அரை மணி நேர வேலை. எழுதித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன்.

"மனுவெல்லாம் எதுக்குக் காளியாத்தா? நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கோணுமல்ல. பண்ணாடிகிட்ட நான் பேசறேன்" என்றார்.

பண்ணாடி ஈஸ்வரமூர்த்தி வந்தார். முறுக்கிக்கொள்ளவே இல்லை.

"பத்து சென்ட்டு குடுக்கறதுல எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. காட்டு நடுவுல குடுத்தா ஏரு எப்படீங்க திரும்பும்? வாய்க்கா ஓரமா எடுத்துக்கட்டும். ஆடி பொறந்ததும் கடலை போடோணும், மொத வாரத்துலயே குடிசையை மாத்தீறச் சொல்லுங்க."

"பத்திரம்?"

"ஆடி மாசத்துல பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடறதாங்க? எங்கூட்டுல அந்த வழக்கமே இல்லீங்க. ஆவணி பொறக்கட்டும், மொத முகூர்த்தத்துல எழுதி முடிச்சுறலாம்."

மாரப்பனும் அதே மண்ணில் பிறந்தவர். ஆடியில் எழுதினது விளங்காது என்று நம்புகிறவர். நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டார்.

காளியாத்தாள்தான் தயங்கினாள். "ஏனுங்க, ஆடியில ஊடு மாத்தலாமுங்களா? ஆகாதும்பாங்களே."

"ஆமா, நீ மாடி வீட்டுக்குக் குடி போறே பாரு. நாலு கம்பு, நாலு தடுக்கு. இதுக்கெல்லாம் ஆடி பாக்கறதில்ல. நானிருக்கறேன், போ."

டீக்கடையே சிரித்தது. கூடவே அவளும் சிரித்தாள்.

ஒரே மாதம். பண்ணாடிக்கு ஆகாதது அவளுக்கு மட்டும் ஆகும் என்று சொன்ன வாய் அவருடையதுதான். அப்போது அவருக்கு அது உறைக்கவே இல்லை. பிற்பாடு எத்தனை தரம் நினைத்து நினைத்து மாய்ந்தும் என்ன பிரயோசனம்?

ஆடி மூன்றாம் தேதி அவள் குடிசையைப் பிரித்து வாய்க்கால் ஓரத்தில் போட்டாள். பழைய இடத்தில் ஏர் ஓடியது, கடலை முளைத்தது. ஆவணி முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பண்ணாடிக்கு ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் விருந்தாளி. புரட்டாசி ஆகாது என்றார், ஐப்பசியில் அறுவடை என்றார். கார்த்திகையில் நேரே மாரப்பனின் வக்கீலிடமே வந்து வழக்குக் கொடுத்தார். 'சென்ற ஆடி மாதம் என் வாய்க்கால் ஓரத்தில் ஒருத்தி புதிதாகக் குடிசை போட்டிருக்கிறாள், அப்புறப்படுத்த வேண்டும்.' ஒரு வார்த்தை பொய்யில்லை. அதற்கு முன்பு அவள் எங்கே இருந்தாள் என்பதை மட்டும் மென்று முழுங்கியிருந்தார்.

"சார், அந்தக் குடிசை..." என்று இழுத்தார் மாரப்பன்.

"கட்சிக்காரர் சொன்னதை எழுதுய்யா" என்றார் வக்கீல். மாரப்பன் கார்பன் வைத்து மூன்று நகல் எழுதினார்.

காளியாத்தாள் வேறொரு குமாஸ்தாவைப் பிடித்துக் குடிகிடப்பு மனுவைப் போட்டாள். சட்டம் வரும் முன்பே இருந்த குடிசைக்குத்தான் உரிமை. அவள் பழைய குடிசைக்குப் பஞ்சாயத்து வீட்டு நம்பர்கூடப் போட்டதில்லை. பண்ணையாட்கள் எவரும் பண்ணாடிக்கு எதிராக வாய் திறக்கப் போவதில்லை. மாசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க ஜீப்பில் வந்தபோது, பண்ணாடி தரப்பில் காகிதம் காட்டவும் மலையாளம் பேசவும் போனவர் மாரப்பன். அவரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அதிகாரி பக்கத்தில் நிற்கக் கூசி, நாற்பதடி தள்ளி வாய்க்கால் மேட்டில் போய் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் காட்டைச் சுற்றிப் பார்த்தார். கடலை பறித்த வெறும் நிலம். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பி, காட்டு நடுவில் முன்பு குடிசை இருந்ததாக அந்தப் பெண் சொல்கிறாளே, உள்ளூர்க்காரரான உமக்குத் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார். நல்ல மனுஷர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். சொந்தக் கட்சிக்காரனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன குமாஸ்தாவை எந்த வக்கீல் படியேற்றுவான்? இருபத்தாறு வருடத்து நாற்காலி. போதாததற்கு, இந்த ராஜியைப் பேசி முடித்த மகாராசன் யார் என்ற கேள்வியும் வரும்.

எனக்குத் தெரியாது என்று மலையாளத்திலேயே சொன்னார் மாரப்பன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மாரப்பன் காகிதங்களை அடுக்கிக் கட்டினார்.

ஜீப்பும் பண்ணாடியும் போனபிறகு காளியாத்தாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சொல்லீட்டீங்களாங்க?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியுமுங்க, நீங்க சொல்லீருவீங்கன்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தை மாசத்துக் கூலிய அப்படியே முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க. ஒழுகறது தாங்க முடியல. சித்திரை மழைக்கு முன்னால புது ஓலை வாங்கி மேஞ்சுக்கலாமுங்களா?"

மாரப்பன் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மேஞ்சுக்க" என்றார்.