காணிப்பாக்கத்துக்கு வராதவர்

பால் சென்டர் வாசலில் எல்லாரும் கேனும் கையுமாக நிற்கிற நேரம் பார்த்துத்தான் ரமணா அந்தப் பேச்சை எடுத்தார். எந்தப் பேச்சை எத்தனை பேர் காதில் போடவேண்டும் என்பது பஞ்சாயத்துத் தலைவராக, சர்பஞ்சாக இருந்தவருக்குத் தெரியாதா?

"பச்சையப்பா, சனிக்கிழமை காலையில ஆட்டோ சொல்லிட்டேன். காணிப்பாக்கம் போறோம். குளத்துல முழுகிட்டு பிள்ளையார் எதிர்ல நின்னு, நான் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதோட முடிஞ்சுது. அப்புறம் எவனும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டான்."

பாலசமுத்திரம் பக்கத்தில் இது புதிதில்லை. மாடு காணாமல் போனாலும் வரப்பு நகர்ந்தாலும் போலீஸுக்கு முன்னால் காணிப்பாக்கம்தான். அங்கே பொய்ப் பிரமாணம் செய்தவன் நன்றாக வாழ்ந்ததில்லை என்பது சித்தூர் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரமாணம் செய்துவிட்டால் ஆள் சுத்தம். வரமாட்டேன் என்றால், அதற்கும் ஊருக்கு அர்த்தம் தெரியும்.

விவகாரம் கோவர்த்தனனின் மாங்கன்றுகளைப் பற்றியது. ரோட்டோரத்து நிலத்தில் அவர் வைத்து வளர்த்த பங்கனபள்ளி ஒட்டுக்கன்றுகள் இடுப்பு உயரம் தாண்டி வந்திருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை விடியலில் தண்ணீர் கட்டப் போனவர், வரிசை முழுக்க வெட்டிச் சாய்த்துக் கிடப்பதைப் பார்த்தார். அதற்கு முந்தின வாரம்தான் பச்சையப்பன், இதே பால் சென்டர் வாசலில், "வண்டித் தடத்தை அடைச்சு நட்ட செடி நிலைக்காது" என்று சத்தமாகச் சொல்லியிருந்தார். டிராக்டர் போகிற தடத்தில் பாதியை அந்த வரிசை தின்றிருந்தது உண்மை. கோபத்தில் சொன்னதும் உண்மை. ஆனால் வாயை விட்டு வந்த வார்த்தைக்கு ஊர்தான் சொந்தக்காரன்.

"நான் பிரமாணம் பண்ண மாட்டேன், ரமணாண்ணா. நான் செய்யலை. அவ்ளோதான்."

பாலை ஊற்றிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் சிரித்தாள். "உனக்குத்தான் இப்ப அது சாமி இல்லியே, வெறும் கல்லு. கல்லு எதிர்ல நின்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு பயம்?"

"கல்லானாலும் சரி, கர்த்தரானாலும் சரி. யார் பேர்லயும் சத்தியம் பண்ணாதன்னு எங்க வேதத்துல இருக்குது."

"வசதியாத்தான் இருக்குது உங்க வேதம்" என்றாள் அவள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை. காலி கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பச்சையப்பனுக்குத் தூரத்து உறவில் மச்சான், இருவரும் ஒரே போர்வெல்லில் மாற்றி மாற்றித் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் பச்சையப்பனைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டில் மனைவி ரத்னம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"போய் சொல்லிட்டு வந்தா இன்னா? நீ செய்யலைதானே?"

"செய்யலை."

"அப்புறம்? ஊர்ல தலை நிமிந்து நடக்க வேணாமா? நானும்தான் ஜெபவீட்டுக்கு வர்றேன். எனக்குத் தெரியாத வேதமா?"

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் எழுந்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போனார். அன்றைக்கு அவருடைய முறை இல்லை. போன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

பச்சையப்பன் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. வீட்டில் பேசுவது தமிழ். அம்மா பாஷையில்தான் ஜெபம் வருகிறது என்று தமிழ் எழுத்தை நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேதாகமத்திலேயே பார்த்துக் கற்றுக்கொண்டார். விரலை வைத்துத்தான் படிப்பார். அதனால் ஒரு வரியை மற்றவர்கள் போலத் தாண்டிப் போக அவருக்கு வராது. சத்தியமே பண்ண வேண்டாம், ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் போவது தீமையிலிருந்து வருகிறது என்ற அந்த இடத்தில் அவர் விரல் வெகுநாள் நின்றிருந்தது. அதற்குப் பிறகு, "சத்தியமா சொல்றேன்" என்று ஆரம்பிக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார். பசு விற்கப் போன சந்தையில், வாங்க வந்தவன் கேட்காமலே, "ஒரு காம்புல பால் வராதுப்பா" என்று சொல்லி விலையைக் கெடுத்துக்கொண்டார். அந்தக் கதை இன்னும் ஊரில் ஓடுகிறது.

வியாழக்கிழமை முரளி பாஸ்டர் ஸ்கூட்டியில் வந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"கோயிலுக்கு வரமாட்டேன்னு சொன்னீங்களாமே, பிரதர். நல்ல சாட்சி. நான் ரமணாகாரு கிட்ட பேசிட்டேன். அவரும் ஒத்துக்கிட்டாரு. சனிக்கிழமை எல்லாரும் நம்ம ஜெபவீட்டுக்கு வரட்டும். நீங்க வேதாகமத்து மேல கையை வெச்சு சொல்லுங்க. ஊருக்கும் திருப்தி, நமக்கும் பெருமை."

பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். "பாஸ்டர், கையை வெக்கச் சொல்ற புக்குலயே வேணாம்னு இருக்குதே."

பாஸ்டர் சிரித்தார். பிறகு அவர் விளையாடவில்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினார். "அது வீண் சத்தியத்தைப் பத்தி சொன்னது, பிரதர். கோர்ட்ல எத்தனை விசுவாசிங்க கை வெக்கிறாங்க? இவ்ளோ தூரம் ரமணாகாரே இறங்கி வந்திருக்காரு. இப்பவும் மாட்டேன்னா ஜெபவீட்டுக்கே கெட்ட பேரு. கிறிஸ்தவன் செடியை வெட்டிட்டு வசனம் சொல்றான்னுவாங்க."

"எனக்கு அந்த வசனத்தை அப்படிப் படிக்க வரலை, பாஸ்டர்."

"உங்களுக்கு எல்லாம் நேரா எழுதியிருக்கணும்" என்று பாஸ்டர் ஸ்கூட்டியைத் திருப்பினார். டீ போட்டுக்கொண்டு வந்த ரத்னம்மா டம்ளரோடு நின்றாள்.

வேதத்துக்காக நிற்கிறவனுக்கு உள்ளே ஒரு சமாதானம் இருக்கும் என்று பாஸ்டரே எத்தனையோ தரம் பிரசங்கம் செய்திருக்கிறார். பச்சையப்பனுக்கு அது இல்லை. நிலத்துக்குப் போனால் வீட்டுக்கு வரத் தோன்றியது. வீட்டில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வேதாகமத்தைத் திறந்தால் விரல் ஓடவில்லை. ஊர்ப் பேச்சுதான் இப்படி அரிக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அரித்தது ஊர்ப் பேச்சு இல்லை. ஒரு சட்டை.

மகன் திலீப் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறான். போன சனிக்கிழமை சாயந்திரம் வேலையிலிருந்து நேராக, லாட்ஜ் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே, ஆராதனைக்குக்கூட இருக்காமல், பழைய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வெள்ளைச் சட்டை குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் முகம் கழுவப் போனவர் அதைப் பார்த்தார். முன்பக்கத்திலும் கையிலும் கருப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. மாம்பால். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. அவருடைய சட்டை ஒவ்வொன்றிலும் அது உண்டு. ஆனால் அது காய் பறிக்கிற மாதம் இல்லை. காய்க்காத மாதத்தில் மாம்பால் சட்டையில் பட வேண்டும் என்றால், பச்சை மரத்தை வெட்டினால்தான் உண்டு.

அவர் அந்த வாளியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு முகம் கழுவினார். ரத்னம்மாவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள் சட்டை கொடியிலும் இல்லை, வாளியிலும் இல்லை. நடுவில் திலீப் இரண்டு முறை போன் செய்தான். "அம்மாகிட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். கேட்டால்தானே தெரியும். தெரியாததைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. ரமணா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பச்சையப்பன் பால் கேனோடு சென்டருக்கு வந்தார். குளிக்க மாற்றுத்துணி எதுவும் அவர் கையில் இல்லை. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப வர்றது இல்லை" என்றார் ரமணா. "சரி. ஊரே பாத்துக்கோங்கப்பா."

அப்போது கோவர்த்தனன் முன்னால் வந்தார். இந்த ஒரு வாரத்தில் ஆள் இளைத்திருந்தார்.

"ஆட்டோவை அனுப்பிடு, ரமணாண்ணா."

"இன்னாப்பா?"

"காணிப்பாக்கமும் வேணாம், பைபிளும் வேணாம். காம்புல பால் வராதுன்னு சந்தையில தானே சொல்லிக்கினு நின்ன ஆளு இவன். பொய் சொல்லி நான் பாத்தது இல்லை." பச்சையப்பன் பக்கம் திரும்பினார். "மச்சான், நீ சும்மாவே சொல்லு. நானும் செய்யலை, என் வீட்டு ஆளுங்களும் செய்யலைன்னு. எனக்குப் போதும். தண்ணி முறை பழையபடி ஓடட்டும்."

ஏழு வருஷமாகப் பச்சையப்பன் கேட்டதே இதைத்தான். என் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுத்துக்கொள்ள ஒருவர் கை நீட்டி நிற்கிறார்.

"நான் செய்யலை, மச்சான்" என்றார்.

அடுத்தது நாக்கு வரை வந்தது. காணிப்பாக்கம் போயிருந்தால் ரமணா சொன்னபடி, நான் செய்யவில்லை என்று சொல்லி, குளத்தில் முழுகி, ஈரத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். யாரும் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னதில் பொய்யும் இருந்திருக்காது. மாட்டேன் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றது வசனத்துக்காகத்தான், பொய் இல்லை. ஆனால் இந்த ஒரு வாரமும் அந்த வசனத்தின் மறைவில் ஒரு வாளியையும் வைத்திருந்தார் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிரமாணத்தைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தவரை வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணும் சொல்லு" என்றார் கோவர்த்தனன், மெதுவாக.

"அதை நான் இன்னிக்குச் சொல்ல முடியாது, மச்சான். கேட்டுக்கினு வந்து சொல்றேன்."

யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். ரமணா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"இதுக்கு நீ காணிப்பாக்கமே வந்திருக்கலாம்டா" என்றார்.

அன்றே பச்சையப்பன் கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் போய்த் திருப்பதி பஸ் பிடித்தார். கிளம்பும்போது ரத்னம்மா வாசல் வரை வந்து, "பையனை விட்டுக் குடுத்துட்டல்ல" என்றாள். அவள் கேட்டது தப்பா என்று வழி முழுக்க யோசித்தார். ஜெபம் செய்யப் பார்த்தார். ஆண்டவரே என்பதற்கு மேல் வரவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக இருந்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் கோவிந்தா சொன்னார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்து, மறுபடியும் பிடித்துக்கொண்டு வந்தார்.

லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் கவுண்ட்டரில் நின்று தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது. திலீப் புதுச் சட்டை போட்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் கை சாவிகள் மேலேயே நின்றது. அந்தக் குடும்பத்தை மேலே அனுப்பிவிட்டு வந்தான்.

"துன்னியா, நைனா?"

"இல்லை."

"வா, பக்கத்துல டிபன் துன்னலாம்."

"வேணாம். நீ வெட்டினியா?"

திலீப் வெளியே பார்த்தான். "அம்மா சொல்லிச்சு, நீ ஊர்ல இன்னா சொன்னேன்னு. உன்னைத்தான் கேட்டாங்க. நீ செய்யலை. அதோட விட்டிருக்கலாம்ல?"

"வெட்டினியா?"

"தடத்தை அடைச்சது அவங்கதான். நீதானே சொன்ன, நிலைக்காதுன்னு. நீ சும்மா சொல்லிட்டுப் போயிடுவ. எவனாவது செய்யணும் இல்ல?"

பச்சையப்பன் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபத்தில் சொன்ன அந்த ஒரு வரி, சத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் கேட்டவன் அப்படியே நம்பியிருக்கிறான்.

"நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "அதையும் கோவர்த்தனன்கிட்ட சொல்லணும்."

"இப்ப போய் இன்னா சொல்லப் போற? நான்தான்னு சொல்லுவியா?"

"அவன் கேப்பான்."

"கேட்டா?"

"நான் இன்னா சொல்லட்டும், நீ சொல்லு."

போன் அடித்தது. திலீப் எடுத்து, ரூம் காலி இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தான். அவனுக்குப் பின்னால் பலகையில் காலி ரூம் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். முகம் சுருங்கியது. போனை மறுபடியும் எடுத்து அதே நம்பருக்குக் கூப்பிட்டு, ரெண்டு ரூம் இருக்குது, வாங்க என்றான். சொல்லிவிட்டு எரிச்சலோடு பேனாவைத் தூக்கிப் போட்டான்.

"ஆமான்னு சொல்லு" என்றான்.

"அதை நீ வந்து சொல்லு."

பச்சையப்பன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். யாத்ரிகர்கள் வந்தார்கள், போனார்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து உட்கார்ந்ததும் திலீப் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவை ஒரு வார்த்தையும் கேட்காமல், அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தான். புத்தூரில் பஸ் நின்றபோது கூட்டத்தோடு அவனும் இறங்கினான். பச்சையப்பன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார். ஊரில் கேஸ் கொடுப்பார்களா, லாட்ஜ் வேலை போய்விடுமா, ரத்னம்மா பேசுவாளா, ஒன்றும் தெரியவில்லை. வேதத்தில் இதற்கு நேராக எதுவும் எழுதியிருக்கவில்லை. அல்லது அவர் விரல் இன்னும் அந்த வரிக்குப் போகவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்த பிறகு பின்வாசலில் யாரோ ஓடி ஏறுகிற சத்தம் கேட்டது.

கார்வேட்டிநகரம் தாண்டியதும் திலீப் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நைனா, சென்டர்ல இந்த நேரத்துக்கு நிறைய பேர் இருப்பாங்களா?"

"சாயந்திரப் பால் எடுக்கிற நேரம்" என்றார் பச்சையப்பன். "எல்லாரும் இருப்பாங்க."