மேல் அம்புக்குறி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். “சட்டுனு ஆரம்பிக்கணும், அதான் முக்கியம்,” என்றாள் ஒருத்தி. “ஆரம்பிச்சு என்ன பண்ண? எழுதின வரிக்குள்ள திரும்பிப் போய்த் திருத்த முடியலன்னா?” என்றாள் மற்றவள். அட, நம்ம ஆட்கள், கதை எழுதுகிறவர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இல்லை, அவர்கள் கணினி நிரல் எழுதுகிறவர்கள். ஸ்கீம் என்ற நிரல்மொழியைப் பற்றித்தான் பேச்சு. ஒரு வரி தட்டினால் உடனே பதில் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்காகக் காத்துக் கிடக்குமாம் அது. [அதில் எதையும் அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டுமாம். எனக்கும் அந்த வியாதி உண்டு.]

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: “நகரத்தின் மேல் மழை மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு...”

வேண்டாம். மழை நின்று ஆள் வந்து சேர்வதற்குள் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: “பிரேக் என்று அவர் சொல்லி முடித்தபோது கார் சுவரில் முட்டி நின்றிருந்தது.” இது தேவலாம். வண்டி கிளம்பிவிட்டது, ஏறிக்கொள்ளுங்கள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரே ஒரு கார். அதில் இரண்டு பிரேக்: கற்பவர் காலடியில் ஒன்று, இவர் காலடியில் ஒன்று. பிரேக்கைவிட வாயைத்தான் அதிகம் நம்பினார். கிளட்ச், கண்ணாடி, பக்கத்து லாரிக்காரனின் வளர்ப்பு என்று வாய் ஓயாது. அந்த மனிதருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலை எடுத்துவிட்டார்கள்.

மகள் நிரல் எழுதுகிறவள். சும்மா இருப்பாளா? கைக்கு அடக்கமாக ஒரு பேசும் பெட்டி செய்து கொடுத்தாள். மூடியைத் திறந்தால் திரையும் விசைகளும். தட்டி எண்டர் அமுக்கினால் அது பேசும். எல்லாம் ஸ்கீமில் எழுதியது.

3

அவளுடைய பெருமையெல்லாம் திருத்தும் வசதியில் இருந்தது. இடது அம்புக்குறியை அமுக்கினால் வரிக்குள் பின்னால் போகலாம். மேல் அம்புக்குறியை அமுக்கினால் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அப்படியே திரும்பி வரும். பிழையைத் திருத்தி மறுபடி சொல்லலாம். அப்பாவுக்கு அந்த மேல் அம்பு ரொம்பப் பிடித்தது. சும்மா சும்மா அமுக்கிப் பார்ப்பார்.

ஆனால் பெட்டியின் பேட்டரி சின்னது. மூடினால் அணைந்துவிடும். திறக்கும்போதெல்லாம் அந்த வசதிகள் ஒவ்வொன்றாகப் பெட்டியின் நினைவில் ஏறி முடிய வேண்டும், அதுவரை அது பேசாது.* அதற்குள் வீட்டில் பேச்சு எங்கேயோ போயிருக்கும். “ஃபேன் போடவா?” என்று அம்மா கேட்பாள். “வேண்டாம்” என்று பெட்டி சொல்லும்போது ஃபேன் சுற்றி, அவருக்குக் குளிரெடுத்து, அவள் போர்வை கொண்டுவந்து போர்த்தியும் விட்டிருப்பாள். அவருடைய கிண்டல்கள் ஆறிப்போய் வந்து விழுந்தன. எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அது அவருக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

* விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: எல்லாம் ஏறி முடிந்த நிலையை அப்படியே சேமித்துவைத்து, அங்கிருந்தே தொடங்கலாமே? அவளும் பார்த்தாள். அந்தச் சின்னப் பெட்டியில் அதற்கு இடம் போதவில்லை. இடம் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

4

இப்போது மாமா. அம்மாவின் தம்பி. [மாமா ஒரு பேராசைக்காரர். இல்லை, இதை அடித்துவிடுகிறேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள், இனி அவர்மேல் ஒரு கண் வைத்திருப்பீர்கள். என்ன செய்ய?] உண்மையில் நான் எவ்வளவு முயன்றும் அவர் கெட்டவராக வரவில்லை. அறுவை சிகிச்சை முடியும்வரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர்தான்.

அவருக்கு ஒரே கவலை, அந்தக் கார். “வாயில்லாம எப்படி அத்தான் சொல்லிக்கொடுப்பீங்க? யாராவது அடிபட்டா? வித்துடலாம். ஞாயித்துக்கிழமை ஒருத்தர வரச் சொல்றேன்,” என்றார்.

அத்தான் பெட்டியைத் திறந்தார். அது ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குள் மாமா, “பேசலன்னா சம்மதம்னுதான அர்த்தம்,” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, கார் வாங்கும் ஆளுக்கு போன் போட்டுவிட்டார். திரை தயாரானபோது அப்பா ஒன்றும் தட்டவில்லை. மூடியை மூடினார். அதைப் பார்த்த மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, திருத்துற வசதியெல்லாம் எடுத்துட்டா தொறந்த உடனே பேசலாம்,” என்றாள். “ஆனா சொன்னது சொன்னதுதான். மேல் அம்ப அமுக்கினா பழைய வரி வராது. கோணல் மாணலா ஏதோ குறிதான் வரும். பரவால்லையா?”

அவர் பெட்டியைத் திறந்து, அது ஏறும்வரை காத்திருந்து தட்டினார்: “வாய் இருந்தப்ப மட்டும் திருத்திட்டா பேசினேன்?”

5

ஞாயிற்றுக்கிழமை. கார் வாங்க வந்தவர் வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மாமா மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தார். “நல்ல மனுஷன் அத்தான். வண்டிய நல்லா வெச்சுக்குவார்.”

மகள் வசதிகளை எடுத்துவிட்ட பெட்டியின் மூடி திறந்தது. “விக்க மாட்டேன்,” என்றது பெட்டி.

மாமா திரும்பிப் பார்த்தார். “என்ன அத்தான் இது, வந்த ஆள் வாசல்ல நிக்கிறார். சொல்லிக்கொடுக்கறது எப்படி?”

“கால் இருக்கு. பிரேக் இருக்கு. இப்ப வாயும் வந்தாச்சு. உனக்குக் கத்துக்கொடுத்ததவிடவா கஷ்டம்?”

அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். சரியான நேரத்துக்கு வந்த சிரிப்பு. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

[இங்கேயே முடித்திருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பேன். ஆனால் அத்தனை நாள் வாயடைத்துக் கிடந்தவர் இதோடு நிறுத்துவாரா?]

“உங்க நல்லதுக்குத்தான சொல்றேன்,” என்றார் மாமா.

“என் வீட்டு விஷயத்துல தலையிட நீ யாரு?”

தண்ணீர் கேட்கும் அதே குரலில்தான் பெட்டி அதையும் சொன்னது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சொந்தக் குரலாக இருந்தால் பாதியில் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மாமா சாவியை மேஜைமேல் வைத்தார். வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடினார்.

அப்பாவின் விரல் மேல் அம்புக்குறிக்குப் போனது. திரையில் விழுந்தது:

^[[A

மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

^[[A^[[A^[[A^[[A

ஒரு கால் செருப்பில் நுழைத்தபடி மாமா எட்டிப் பார்த்தார். “என்னம்மா அது? கெட்டுப்போச்சா?”

“இல்ல மாமா,” என்றாள் மகள். “சொன்னதத் திரும்ப எடுக்கப் பாக்குறார்.”

6

என்னிடம் திருத்தும் வசதி இருக்கிறது. மேலே போய் அந்த ஒரு வரியை எடுத்துவிட எனக்கு எத்தனை நேரமாகும்? எடுத்தும் பார்த்தேன். அந்த இடத்தில் பெட்டி மாமாவிடம் “வேண்டாம்ப்பா, விடு” என்று சொல்வதாகப் போட்டேன். மாமா உட்கார்ந்தார், சிரித்தார், வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். எல்லாம் சுபம். ஆனால் அப்பா விரலை அந்த விசைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மனசு வரவில்லை. பழைய வரியையே திரும்பப் போட்டேன்.

மாமா அடுத்து என்ன சொன்னார் என்று நாலைந்து விதமாக எழுதிக் கிழித்தாயிற்று. அவர் வாயில் நான் எதை வைத்தாலும் அது என் வார்த்தையாகவே இருக்கிறது. தாழ்வாரத்தில் படுத்துக் கிடந்தது நான் இல்லையே.

அதனால் இனி நீங்கள்தான் மாமா. ஒரு செருப்பு காலில் இருக்கிறது, இன்னொன்று இன்னும் கிடைக்கவில்லை. வாசலில் அந்த ஆள் ஹார்ன் அடித்துப் பார்க்கிறார். அக்கா உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருமகள் பெட்டியை உங்கள் பக்கம் திருப்புகிறாள். அதில் வரி நிறைந்து அடுத்த வரிக்கு வந்துவிட்டது. உங்கள் அத்தான் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.